லயன் அறை யாருடையது? லிந்துலையிலிருந்து ஒரு குறிப்பு

லிந்துலைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒருவரிடம் வீடு எங்கே என்று கேட்டால், "பணிய லயம், நாலாவது காம்பரா" என்பதுபோலத்தான் விடை வரும். வீட்டு இலக்கமோ வீதிப் பெயரோ அதில் இராது. லயம் என்றாலும் லயன் என்றாலும் ஒன்றுதான். வரிசை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் தோட்டத்து வாயில் நுழைந்து தமிழாகிவிட்டது. காம்பரா போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். வாசலோரத் திண்ணைக்கு இஸ்தோப்பு என்று பெயர். அது ஒல்லாந்தர் கொடுத்தது. இருநூறு வருடங்களாக அங்கே வாழும் மக்களுக்குத் தங்கள் வீட்டின் பாகங்களைக்கூட ஆண்டவர்களின் சொற்களால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வடக்கிலும் கிழக்கிலும் இருந்து இதை வாசிப்பவர்களில் பலர் லயன் அறையைப் படத்தில் மட்டுமே பார்த்திருப்பீர்கள். நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகும் வழியில் பஸ் யன்னலால் பார்த்திருக்கவும் கூடும். பச்சைச் சரிவின் நடுவே வெள்ளை அல்லது நீல நிறத்தில் நீளமாக ஒரு கட்டடம், அதன்மேல் துருப்பிடித்த தகரம், தகரத்தின்மேல் கற்களும் பழைய டயர்களும். தூரத்தில் அழகாகத்தான் தெரியும். நான் கடந்த ஆடி மாதம் அப்படியொன்றுக்குள் பதினேழு நாட்கள் இருந்தேன். என் தகப்பனின் தங்கை குடியிருக்கும் அறை அது. தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அத்தைக்குத்தான் கரைச்சல்.

எங்கள் குடும்பம் அந்தத் தோட்டத்திலிருந்து 1977 வன்செயலுக்குப் பின் வன்னிக்கு இறங்கியது. அத்தை கல்யாணம் முடித்திருந்ததால் அங்கேயே நின்றுவிட்டார். நான் பிறந்தது கிளிநொச்சியில். 2009 இல் எங்களை மெனிக் பாமில் அடைத்தபோது, வவுனியாவுக்கு வந்து கம்பி வேலிக்கு அப்பால் நின்று என் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போன ஒரே உறவினர் அந்த அத்தைதான். லிந்துலைக்குப் போய் இறங்கிய இரவு, மழை தகரத்தில் விழுந்த சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காமல் இருந்தபோது அவர் கத்திக் கேட்டார்: "என்னா தம்பி, ஒங்கள வச்சிருந்தாங்களே தறப்பாக் கூடாரம், அது ஒழுகுச்சா?" ஒழுகியது என்றேன். "எத்தன மாசம் இருந்தீங்க?" பதினொரு மாதம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தகரத்திலிருந்து சொட்டிய இடத்துக்கு இன்னொரு சட்டியை நகர்த்தினார்.

லிந்துலை நாலாயிரம் அடிக்கும் மேலான உயரத்தில், தலவாக்கலைக்கும் அக்கரப்பத்தனைக்கும் இடைப்பட்ட மலைப்பகுதி. தென்மேல் மழை வைகாசி கடைசியில் தொடங்கினால் ஆவணி வரை விட்டுவிட்டு அடிக்கும். மார்கழி, தை மாதங்களில் பனி. தேயிலைக்கு உகந்த காலநிலை என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் பல பத்தாண்டுகளாக இந்த மழையையும் மண்ணையும் அளந்து வருகிறது. செடிக்கு எவ்வளவு நிழல், எவ்வளவு உரம், எத்தனை நாளைக்கு ஒரு தடவை கொழுந்து எடுப்பது என்பதற்கெல்லாம் அங்கே கணக்கு உண்டு.

அறையின் அளவு விடயத்திலும் ஒரு கணக்கு உண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடி. கோப்பிக் காலத்துக் கூலிகளுக்கென்று ஆரம்பித்த இந்தக் கட்டட முறை, 1869 இல் வந்த இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை பரவியபோது அப்படியே தொடர்ந்தது. ஒற்றை லயன் என்றால் ஒரு வரிசை அறைகள், முன்னால் இஸ்தோப்பு. இரட்டை லயன் என்றால் இரண்டு வரிசைகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். அதில் பின்சுவர் பக்கத்து வரிசைக்காரருக்கும் பின்சுவர். ஆகவே பின்னால் கதவும் வைக்க முடியாது, யன்னலும் வைக்க முடியாது. காற்றும் வெளிச்சமும் முன்வாசலால் வந்து முன்வாசலாலேயே திரும்ப வேண்டும். அடுப்பு உள்ளே எரிந்தால் புகையும் அந்த வழியால்தான் போகும். நூற்றிருபது சதுர அடி, ஒரு குடும்பம் என்பது கட்டியவனின் எண்ணமாக இருந்திருக்கலாம். ஆனால் இந்தியாவிலிருந்து ஆள் எடுத்த காலத்தில் ஒரு அறைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களும் இருந்திருக்கின்றன. இப்போது ஒரு குடும்பமே மூன்று தலைமுறையாகப் பெருத்து அதற்குள் இருக்கிறது.

2021 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் நவீன அடிமைத்தனம் குறித்த விசேட அறிக்கையாளர் டொமோயா ஒபோகாட்டா, பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள் ஐந்து முதல் பத்துப் பேர் வசிப்பதைப் பதிவு செய்தார். யன்னல், ஒழுங்கான சமையலறை, குழாய்த் தண்ணீர் இல்லாத நிலையையும் அவர் குறிப்பிட்டார். என் அத்தை வீட்டில் அந்தப் பதினேழு நாளும், என்னையும் சேர்த்து ஏழு பேர். அத்தை, அவருடைய மூத்த மகன், மருமகள், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், அத்தையின் கடைசி மகள். இஸ்தோப்பைப் பலகையாலும் தகரத்தாலும் அடைத்து இன்னொரு சின்ன அறை ஆக்கியிருக்கிறார்கள். அங்கேதான் நான் படுத்தேன். பிள்ளைகள் படிப்பதும் அங்கேதான், விறகு காய்வதும் அங்கேதான். இளம் பெண்பிள்ளை உடுப்பு மாற்ற வேண்டுமென்றால் ஆண்கள் அனைவரும் வெளியே மழையில் போய் நிற்க வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. பழக்கத்தில் எழுந்து போவார்கள். மூன்றாம் நாளிலிருந்து எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

கொழும்பில் வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடும் தொடர்மாடி வீடுகள் சிலவற்றில், கூலியோடு பராமரிப்பும் சேர்த்தே கொடுப்பார்கள். குழாய் உடைந்தால் அவர்களே வந்து திருத்துவார்கள். காகிதத்தில் பார்த்தால் லயன் அறையும் அந்த வகைதான். வாடகை இல்லை. கூரை, சுவர், தண்ணீர், மலசலகூடம் எல்லாம் தோட்டத்தின் பொறுப்பு. தொழிலாளி உழைப்பது மட்டும் போதும். இந்த ஏற்பாட்டின் மறுபக்கத்தைத்தான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

லயன் அறையில் இருப்பவர் வாடகைக் குடியிருப்பாளர் அல்லர். வேலையோடு ஒட்டிய வசதியாகத்தான் அந்த அறை கருதப்பட்டு வந்திருக்கிறது. பேர் பதிந்திருக்கும் வரை அறை உண்டு. பேரை வெட்டினால் அறையும் போகும். பழைய காலத்தில் துரைக்குப் பிடிக்காதவருக்குப் பற்றுச்சீட்டு கொடுத்து, சாமான்களை வெளியே எறிவதற்கு ஒரு நாள் போதுமாக இருந்தது. போக மறுத்தால் குற்றவியல் அத்துமீறல் என்று வழக்கு. தான் பிறந்த அறைக்குள் இருப்பவன்மீதே அத்துமீறிப் புகுந்தான் என்று குற்றம் சாட்டலாம்!

இதில் ஒரு வழக்கை நம்மவர்கள் அறிந்து வைத்திருப்பது நல்லது. கேகாலை மாவட்டத்தில் நேவ்ஸ்மயர் என்ற தோட்டத்தை, கிராமவாசிகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதற்காக அரசாங்கம் எடுத்தது. அங்கிருந்த தமிழ்த் தொழிலாளர்களை வெளியேறச் சொன்னார்கள். அவர்கள் போகவில்லை. 1946 இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் அதை முன்வைத்துப் பெரிய வேலைநிறுத்தம் நடத்தியது. அத்துமீறல் வழக்கொன்று லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போய் 1950 இல் தீர்ப்பு வந்தது. செல்வநாயகம் எதிர் மன்னர் என்பது வழக்கின் பெயர் (இந்தச் செல்வநாயகம் தந்தை செல்வா அல்லர். அவர் அந்தத் தோட்டத்துக்காரர்). அவர் அங்கே தங்கியதன் முதன்மையான நோக்கம் தன் வீட்டில் இருப்பதுதான், காணிக்காரரைத் தொந்தரவு செய்வதல்ல என்று கண்டு, குற்றத் தீர்ப்பைத் தள்ளினார்கள். அந்த அறையை ஒரு மனிதனின் வீடு என்று ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதாக நான் அறிந்த ஆகப் பழைய தீர்ப்பு இதுதான். ஆனால் அது சொன்னது இருப்பது குற்றம் அல்ல என்பதை மட்டுமே. அறை அவருக்குச் சொந்தம் என்று அது சொல்லவில்லை. 1971 இல் வந்த தோட்டக் குடியிருப்புகள் தொடர்பான விசேட ஏற்பாடுகள் சட்டம், நீதிமன்றத்தின் கட்டளை இல்லாமல் தொழிலாளியை அறையிலிருந்து வெளியேற்றுவதற்குத் தடை வைத்தது. அதுவும் பாதுகாப்புத்தான், உரிமை அல்ல. இன்று வரைக்கும் லயன் அறைக்கு உறுதி கிடையாது.

நேவ்ஸ்மயர் வழக்கு நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் குடியுரிமையும் பறிக்கப்பட்டது. 1947 பாராளுமன்றத்துக்கு மலையகத்திலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் தெரிவாகினர். தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினர், வட்டகொடை மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, 1952 தேர்தலில் அந்த ஏழில் ஒன்றும் மிஞ்சவில்லை. சி. வி. பிற்காலத்தில் எழுதிய நாவலின் பெயர் 'வீடற்றவன்'. நாடற்றவர் என்று எல்லோரும் பேசிய காலத்தில் அவர் வீட்டைப் பற்றி யோசித்திருக்கிறார்.

காணி எவருடையது என்ற கேள்விக்கு விடை காலத்துக்குக் காலம் மாறியது. வெள்ளைக்காரக் கம்பனிகளிடமும் உள்ளூர் முதலாளிகளிடமும் இருந்த தோட்டங்களை 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசாங்கம் எடுத்தது. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்ற இரண்டின் கீழ் அவை வந்தன. சொந்த நாட்டு அரசாங்கம் எடுத்தால் நிலைமை திருந்தும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். அந்த ஆண்டுகளில்தான் தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்தது. 1977 மே மாதம் தலவாக்கலை டெவன் தோட்டத்தில், 7,000 ஏக்கர் தேயிலைக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்துத் திரண்ட தொழிலாளர்மீது பொலிஸார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் இறந்தார். லிந்துலையில் வயதானவர்கள் அந்தப் பெயரை இன்றும் சொல்கிறார்கள். சில மாதங்களில் வன்செயல் வந்தது. என் தகப்பன் வன்னிக்குப் போனார்.

1992 இல் தோட்டங்களின் முகாமைத்துவம் மறுபடியும் தனியாரிடம் போனது. பின்னர் அது 53 வருடக் குத்தகையானது. 2045 வரை. ஆக, நிலம் அரசாங்கத்துக்கு, பயன் கம்பனிக்கு, இருப்பது தொழிலாளி. வீடமைப்பைப் பார்ப்பதற்கென்று அரசாங்கமும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த ஒரு நிதியம் இருக்கிறது. இன்று அதன் பெயர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். கூரை ஒழுகினால் யாரிடம் போவது என்று கேட்டால், இந்த மூன்று திசையில் ஒன்றைக் காட்டுவார்கள். நான்காவது திசையாகப் பிரதேச சபை இருந்திருக்க வேண்டும். உங்கள் ஊரில் குறுக்கு ஒழுங்கை உடைந்தால் பிரதேச சபையிடம்தான் போவீர்கள். ஆனால் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை தன் பணத்தில் வேலை செய்வதற்குத் தடையாக நின்றது. வாக்குப் போடலாம், உறுப்பினராகலாம், தவிசாளராகவும் ஆகலாம். தன் லயத்துக்குப் போகும் பாதைக்கு ஒரு பீப்பாய் தார் ஊற்ற முடியாது. அந்தப் பிரிவைத் திருத்துவதற்கு 2018 வரை எடுத்தது. அதே ஆண்டில்தான் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டு முதல் தேர்தல் நடந்தது. கதவு திறந்திருக்கிறது. உள்ளே பணம் அவ்வளவாக இல்லை.

அத்தை வீட்டுத் தகரத்துக்கு வருவோம். அது என்ன வயதென்று லயத்தில் யாருக்கும் தெரியாது. "நான் மருமகளா வந்தப்பயே பழசு" என்கிறார். இடையில் ஓட்டை விழுந்த இடங்களில் தார்ச்சீலை வைத்து அடைத்திருக்கிறார்கள். காற்று தூக்காமலிருக்கக் கல் வைத்திருக்கிறார்கள். கல்லின் பாரத்தில் தகரம் இன்னும் வளைகிறது, வளைந்த இடத்தில் தண்ணீர் தேங்குகிறது, தேங்கிய இடம் உக்கி ஓட்டை விழுகிறது. இரண்டு வருடத்துக்கு முன் தோட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "வந்து பாத்துட்டுப் போனாங்க தம்பி. டேப்பு வச்சி அளந்தாங்க. அளந்த கணக்கு இன்னும் அவுங்ககிட்டதான் இருக்கு." சொந்தப் பணத்தில் மாற்றலாமே என்று நான் சொன்னேன். மாற்றலாம். ஆனால் தோட்டத்தின் கட்டடத்தில் கைவைக்க அனுமதி வேண்டும். மாற்றினால், இவர்களால் முடியும் என்று அடுத்த தடவை பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. நிவாரணப் பட்டியல்களோடு வாழ்ந்த எங்களுக்கு இந்தப் பயத்தை விளக்கத் தேவையில்லை. அரை குறையாகக் கட்டிய வீட்டைப் பார்த்து "உங்களுக்குத்தான் வீடு இருக்கே" என்று பெயரை வெட்டிய உத்தியோகத்தரை வன்னியில் நாங்களும் சந்தித்தோம்.

தகரத்தைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று அந்த வீட்டுக்குள் இருந்தது. என் பதினேழு நாளும் அதைப்பற்றித்தான் இரவில் பேச்சு. அத்தை ஓய்வு பெற்று ஐந்து வருடம். மாமா செத்துப்போனார். மூத்த மகன் கொழும்பில் கடையொன்றில் நின்றவன், இப்போது தலவாக்கலையில் முச்சக்கரவண்டி ஓடுகிறான். மருமகள் நுவரெலியாவில் மரக்கறித் தோட்டத்துக்கு நாட்கூலிக்குப் போகிறாள். தேயிலை மலையில் அந்தக் காம்பராவின் பேரில் இப்போது ஒருவரும் இல்லை. வீட்டில் ஒருவராவது பேர் பதிய வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எழுத்தில் ஒன்றும் வரவில்லை. கணக்கப்பிள்ளை வழியாக வாய்ச்சொல்தான். வேலைக்கு ஆள் குறைவு என்பது தோட்டத்தின் பிரச்சினை. பழைய ஆட்கள் ஓய்வு பெற, இளையவர்கள் கொழும்புக்குப் போகிறார்கள். காலியாகும் மலைக்கு ஆள் தேடும்போது, அறையைக் காட்டிப் பேசுவது எளிதாகிவிடுகிறது.

பேர் பதியக்கூடிய வயதில் வீட்டில் இருப்பது கடைசி மகள். இருபது வயது. உயர்தரம் எழுதி மூன்று பாடமும் சித்தி. கலைப்பிரிவு. பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி போதவில்லை. கல்வியியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் காத்திருக்கிறாள். "ஒரு வருசம் மட்டும் மலைக்குப் போ, அண்ணன் வேற எடம் பாக்குற வரைக்கும்" என்று தாய் சொல்கிறார். தாயும் ஒரு வருடம் என்று சொல்லித்தான் பதினாலு வயதில் கூடையைத் தூக்கினாராம். அதையும் அவரே சொல்கிறார், சொல்லிவிட்டு மகளைப் போகச் சொல்கிறார். அவள் பதில் சொல்வதில்லை. நான் திரும்பும் வரை முடிவாகவில்லை. அறைக்காக ஒரு பிள்ளையின் ஒரு வருடத்தைக் கொடுப்பதா என்று தூர இருந்து கேட்பது எனக்கு இலகு. அந்த அறை போனால் ஆறு பேர் எங்கே படுப்பது என்பதற்கு என்னிடம் விடை இல்லை.

வாடகைக்கு வீடு எடுக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். தலவாக்கலை, லிந்துலை கடைவீதிக்குப் பின்னால் வாடகை அறைகள் உண்டு. மூத்த மகன் இரண்டைப் பார்த்தான், நானும் கூடப் போனேன். லயத்தை விட அவை பெரிதாக இல்லை. ஒன்றில் யன்னல் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்துத் திறந்தது. ஆறு பேர் என்றதும் இரண்டு இடத்திலும் முகம் மாறியது.

தீயைப் பற்றியும் எழுத வேண்டும். லயன் குடியிருப்பில் தீ, இத்தனை குடும்பங்கள் நிர்க்கதி என்ற செய்தியை இந்த இணையத்தளத்திலும் பலதடவை வாசித்திருப்பீர்கள். அது ஏன் ஒரு வீட்டோடு நிற்பதில்லை என்பதற்குக் காரணம் கட்டடத்தில் இருக்கிறது. பல பழைய லயன்களில் அறைகளைப் பிரிக்கும் சுவர் கூரை வரை ஏறுவதில்லை. மேலே மரச் சலாகை, அதன்மேல் ஒரே நீளமான தகரம். ஒரு அறையில் மின்னொழுக்கு ஏற்பட்டால், நெருப்பு அந்த இடைவெளியால் கடைசிக் காம்பரா வரை ஓடும். மின்சாரம் பிந்தி வந்த இடங்களில் ஒரு இணைப்பிலிருந்து பலர் கம்பி இழுத்ததும் உண்டு. எரிந்த பிறகு பாடசாலை மண்டபம், கோயில், பிறகு தற்காலிகக் கொட்டில். இந்த வரிசையும் நமக்குப் புதியதல்ல. தற்காலிகம் என்பது எத்தனை வருடம் நீளும் என்பதை, 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வந்து கோணப்புலத்திலும் சபாபதிப்பிள்ளை முகாமிலும் பேரப்பிள்ளை கண்டவர்கள் அறிவார்கள்.

இனி மாற்று வீடுகள். லயனை ஒழிப்போம் என்று சொல்லாத அரசாங்கம் இல்லை. 2014 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தோட்டங்களுக்கு 50,000 மாடி வீடுகள் என்று அறிவித்தார்கள். மலையகத்தில் அதற்கு எதிர்ப்பு வந்தது. கொழும்பில் சிலர், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார்களே என்று கேட்டார்கள். படுத்திருக்கும் லயனை நிமிர்த்தி வைத்தால் மாடி லயன், அவ்வளவுதான் என்பது மலையகத்தவரின் பதில். அந்தப் பதில் சரியென்றே நினைக்கிறேன். ஒரு துண்டுக் காணி இருந்தால் மரக்கறி நடலாம், மாடு கட்டலாம், பிள்ளை கல்யாணம் முடித்தால் ஒரு அறை கூட்டலாம். முக்கியமாக, காணிக்கு உறுதி இருந்தால் பேர் வெட்டுவதாக யாரும் மிரட்ட முடியாது. 2015 க்குப் பிறகு ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் வந்ததற்கு இந்தப் பிடிவாதமும் ஒரு காரணம். ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. பிற்பாடு பேச்சு பத்துப் பேர்ச்சாக உயர்ந்தது.

இந்திய வீட்டுத்திட்டத்தின் 50,000 வீடுகளில் 46,000 வடக்குக் கிழக்குக்கும் 4,000 மலையகத்துக்கும் ஒதுக்கப்பட்டன. நம்மில் பலர் இருப்பது அந்த 46,000 இல் ஒன்றில்தான். ஐந்தரை இலட்சம் ரூபாவோடு நாங்கள் பட்ட பாடு வேறு கதை. மலையகத்தின் 4,000 கடைசியாகத்தான் தொடங்கியது. காரணம், அங்கே பயனாளிக்குக் காணி இல்லை. முதலில் கம்பனி காணியை விட வேண்டும், அதை அளக்க வேண்டும், பிறகுதான் அத்திவாரம். 2017 மே 12 அன்று நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அந்தப் பத்தாயிரத்தின் முதற்கட்ட வேலைகள் முறைப்படி ஆரம்பமானது 2024 பெப்ரவரியில். 2012 குடிசன மதிப்பீட்டில் தம்மை இந்தியத் தமிழர் என்று பதிந்தவர்கள் 8,39,504 பேர். எல்லோரும் லயத்தில் இல்லை என்றாலும், இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

துரைமார் இருந்த பங்களாக்களின் நிலை வேறு. பொகவந்தலாவைப் பக்கத்தில் காசல்ரீ, நோர்வூட் முதலான பழைய பங்களாக்களைத் திருத்தி 2005 இல் ஆடம்பர விடுதிகளாகத் திறந்தார்கள். அதன் பின் பல தோட்டங்களில் இது பரவிவிட்டது. நூறு வருடக் கட்டடம், அதே மழை, அதே மலை. ஒழுகவில்லை. பழைய கட்டடம் என்றால் ஒழுகத்தான் செய்யும் என்று தோட்ட அலுவலகத்தில் சொன்னார்களாம். அத்தை அதை நம்புகிறார். பங்களாவுக்குள் அவர் போனதில்லை.

மண்சரிவு அபாயம் என்று குறிக்கப்பட்ட லயன்கள் தனிப் பிரிவு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்ரோபர் 29 காலையில் லயன்கள் மண்ணுக்குள் போனபோது, அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005 இலும் 2011 இலும் கொடுக்கப்பட்டிருந்தது. ஏன் எழும்பவில்லை என்று அப்போது கேட்டார்கள். எழும்பிப் போவதற்கு இன்னொரு இடம் யாருடைய பெயரில் இருந்தது? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் மலைகளைப் பிளந்தபோதும் அதே கேள்வி வந்தது.

அப்படியானால் வடக்குக்கு வரட்டுமே, இங்கே காணி கிடக்கிறதே என்று நம்மில் சிலர் நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள். சொல்லும் முன், ஏற்கெனவே வந்தவர்களின் கதையைக் கேட்க வேண்டும். 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு அடிக்குப் பிறகும் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தார்கள். காந்தீயம் அமைப்பு பலரைக் குடியேற்றியது. எல்லையோரம் டொலர் பண்ணை, கென்ற் பண்ணையில் இருந்தவர்கள் 1984 இல் விரட்டப்பட்டார்கள். கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம், சாந்தபுரம் என்று காடு வெட்டிக் குடியேறியவர்கள் யுத்தத்தின் கடைசி நாள் வரை எல்லாவற்றையும் கண்டார்கள். மீண்டு வந்தபோது, காணி ஆவணம் இல்லையென்று வீட்டுத்திட்டத்தில் பலர் பின்னால் நிறுத்தப்பட்டார்கள். என் தகப்பனும் அதில் ஒருவர். தோட்டத்தில் உறுதி இல்லாத அறையை விட்டு வந்தவருக்கு, முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு அனுமதிப்பத்திரம் எங்கே என்று கேட்டார்கள். "தோட்டக்காட்டான்" என்ற சொல்லை நான் முதலில் கேட்டது எந்தச் சிங்களவரிடமும் அல்ல, கிளிநொச்சிப் பாடசாலையில்.

மலையகத்தில் உங்களுக்கும் உறவினர் இருக்கலாம், அல்லது அவர்களுக்காக வேலை செய்யும் அமைப்பில் நீங்கள் இருக்கலாம். அப்படியானால் இரண்டு விடயங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். முதலாவது, வாய்ச்சொல்லில் அறையை விடச் சொன்னால் விடத் தேவையில்லை. எழுத்தில் கேட்க வேண்டும், எழுத்தில் வந்தால் அதை எடுத்துக்கொண்டு தொழிற்சங்கத்திடமோ சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையிடமோ போக வேண்டும். வழக்கில்லாமல் எவரையும் தூக்கி எறிய முடியாது. இரண்டாவது, அந்த அறையில் இருந்ததற்கான காகிதங்களைச் சேர்த்து வைக்க வேண்டும்: பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வாக்காளர் இடாப்புப் பிரதி, மின்சாரப் பட்டியல், ஊழியர் சேமலாப நிதிப் படிவம், பழைய சம்பளத் துண்டு. தனி முகவரி இல்லாததால் கடிதங்கள் தோட்ட அலுவலகம் வழியாக வருவதும், நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் நாள் கடந்து கையில் கிடைப்பதும் அங்கே சாதாரணம். முக்கியமான விண்ணப்பங்களுக்கு நகரத்தில் நம்பிக்கையான ஒரு கடையின் முகவரியைக் கொடுக்கலாம். அத்தையின் மகள் கல்வியியல் கல்லூரி விண்ணப்பத்துக்கு லிந்துலையில் ஒரு மருந்துக்கடையின் முகவரியைக் கொடுத்திருக்கிறாள். கடைக்காரர் சம்மதித்துவிட்டார். கடிதம் வந்தால் என் கைத்தொலைபேசிக்கும் சொல்லச் சொல்லி இலக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.